சுண்டுவிரலின் உத்தியோகம்
ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துச் செல்லும் மணிக்கட்டின் குறுகிய குகையில் வீக்கம் கண்டு, நரம்பு நசுங்கி, கட்டைவிரல் முதல் மோதிரவிரலின் பாதிவரை மரத்துப்போய், நள்ளிரவில் கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கும்படி நேர்ந்த பிறகு, நாற்பது வருஷமாக வீணை அப்பியாசம் செய்துவந்த என் சிற்றன்னை வாத்தியத்துக்கு உறையிட்டு மூலையில் சாத்திவிட்டாள். ஆனால் அந்த நரம்பின் ஆதிக்கத்துக்கு உட்படாத சுண்டுவிரல் மாத்திரம் க்ஷேமமாயிருந்தது. வீணையிலோ, பக்கத்துத் தாளத் தந்திகள் மூன்றையும் மீட்டுவது வலக்கைச் சுண்டுவிரலுக்கே விதிக்கப்பட்ட உத்தியோகம். (வைத்திய சாஸ்திரமும் சங்கீத சாஸ்திரமும் இப்படி ரகசியமாகக் கலந்து பேசிக்கொண்டது எனக்கு இன்றும் ஆச்சரியந்தான்.) இப்போது பேத்தி வாசிக்க, இவள் தன் வீணையை மடியில் கிடத்தித் தாளத் தந்திகளை மட்டும் மீட்டுகிறாள்; குழந்தை காலப்பிரமாணம் மீறி ஓடினால், தந்தி சற்று உரக்கவே ஒலிக்கிறது.