ஒரு பள்ளிக்கூடத்தின் வாரிசுகள்

இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் மூடிப்போன பள்ளிக்கூடத்தை வாங்கி, என் மகளும் மருமகனும் வீடாக்கிக் குடியிருக்கிறார்கள். படிக்கப் பிள்ளைகள் குறைந்துபோனதால், மிச்சமிருந்தவர்களைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டார்களாம். விக்டோரியா ராணி காலத்துக் கல் கட்டடம். வாசலுக்கு மேலே ‘நேஷனல் ஸ்கூல்’ என்று வெட்டிய எழுத்து அப்படியே இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அதை எடுக்க முடியாது. எடுக்க இவர்களுக்கும் மனமில்லை.

அந்தப் பெரிய கூடத்தில் குடும்பம் நடத்துவது எளிதல்ல. கூரை அத்தனை உயரம். குளிர்காலத்தில் சூடெல்லாம் மேலே போய்விடும், கால் விறைக்கும். ஜன்னல்களோ ஆள் உயரத்துக்கு மேல்தான் தொடங்குகின்றன. பாடத்துக்கு வெளிச்சம் வேண்டும், பிள்ளைகள் வெளியே பராக்குப் பார்க்கக் கூடாது என்று அக்காலத்தில் அப்படிக் கட்டினார்கள். ஜன்னலை இறக்க அனுமதி இல்லை. அதனால் கூடத்தின் ஒரு பக்கம் மரத்தில் மச்சு கட்டியிருக்கிறார்கள். அதில் ஏறினால் வயலும் ஆடுகளும் தெரியும். பேரன் பொழுதெல்லாம் அங்கேதான். அந்த ஜன்னல்கள் வழியே ஒரு குழந்தை ஆசைதீர வெளியே பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்த ஒற்றைப் பெருங்கூடத்துக்கும் நம் திண்ணைக்கும் உறவு உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதி ஒன்றை நடத்தினார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் விடுதியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் வளர்த்தார். நம் திண்ணைப் பள்ளிக்குச் சட்டாம்பிள்ளை புதியவனா என்ன? ஊர் திரும்பி 1797-இல் அதைப் புத்தகமாக எழுதினார். இங்கிலாந்துத் திருச்சபை சார்ந்து 1811-இல் தொடங்கிய நேஷனல் சொசைட்டி அந்த ‘மெட்ராஸ் முறை’யைக் கையில் எடுத்தது. ஒரே வாத்தியார் நூற்றுக்கணக்கானவர்களைச் சமாளிக்கலாம். அதற்கு அறைகள் வேண்டாம், கூடம் போதும். வீட்டுத் திண்ணையில் இருந்த படிப்பு கடல் தாண்டிப் போய்க் கூடமானது. அந்தக் கூடத்தில் இப்போது என் மகள் ரசம் வைக்கிறாள்.

ஆனாலும் இது யாருடைய இடம் என்ற கேள்வி என்னை விடவில்லை. பள்ளி கட்ட ஓர் ஏக்கர் வரை நிலம் கொடுக்க நிலக்கிழார்களுக்கு வழிசெய்த 1841-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அப்படிக் கொடுத்த நிலத்தில் பள்ளி நின்றுபோனால் அது கொடுத்தவரின் சொத்தோடு திரும்பச் சேர வேண்டும். 1987-இல் இதைத் திருத்தியபோதும் வாரிசுகளின் பங்கை ஒரேயடியாக விட்டுவிடவில்லை. நிலம் தந்தவருக்கு இவ்வளவு யோசித்த சட்டம், அங்கே உட்கார்ந்து எழுத்துக் கூட்டியவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் கணக்கில் அவர்களும் வாரிசுகள்தான்.

அவர்கள் வரவும் செய்கிறார்கள். வயதான அம்மாள் ஒருவர் கதவைத் தட்டி, “நான் இங்கே படித்தேன், ஒரு தடவை பார்க்கலாமா?” என்று கேட்டார். உள்ளே வந்ததும் அடுப்பு மேடை இருக்கும் இடத்தைக் காட்டி, “இங்கேதான் என் பெஞ்சு” என்றார். மருமகனுக்குத் தயக்கம். “மாமா, இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஊரே வந்தால்?” என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. கடன் வாங்கி, உழைத்துக் கட்டிய வீடு. தூங்கும் அறை வரை யாரும் வர வேண்டாம். ஆனால் கூடம் வேறு. அங்கே வந்து நிற்கக் கேட்பவருக்கு ஒரு வாய்த் தேநீர் கொடுக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். விலை கொடுத்து வாங்கியது கட்டடத்தை. ஊராரின் பால்யத்தை யாரும் விற்கவில்லை.

நுழைவழியில், குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில், கோட்டு மாட்டும் கொக்கிகள் ஒரு வரிசை இருக்கிறது. அவற்றைப் பிடுங்கிவிட்டு அங்கே செருப்பு அலமாரி அடிக்கலாம் என்று மருமகன் அளவெடுத்து வைத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அலமாரிக்கு வேறு சுவர் இருக்கிறது.