குகைச் சித்திரம் காணப் போகிறவர்களுக்கு



வருகிற சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும், நமது வாலிபர் சபையாரும் சில குடும்பத்தாரும் விழுப்புரத்தை அடுத்த கீழ்வாலைக் குன்றுக்குப் புறப்படுகிறார்கள். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் நானே பிழை செய்தவன்.

அங்கே பாறைகளின் மறைவில், வரலாற்றுக்கு முற்பட்ட மனிதர் செங்காவியால் தீட்டிய உருவங்கள் உண்டு. மனிதர், மிருகங்கள், பறவை முகங்கொண்ட உருவங்கள். எல்லாம் வெறும் சிவப்புக் கோடுகள்தான். மகாபலிபுரத்தை எண்ணிப் போகிற பிள்ளைகள், "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்பார்கள். சொல்லட்டும். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் மாணவர் சிலரோடு நான் அங்கே போயிருந்தேன். சித்திரம் மங்கலாயிருந்தது; போட்டோ எடுக்க ஆசை. கையிலிருந்த தண்ணீரைப் பாறைமேல் தெளித்தேன். உருவம் பளிச்சென்று தெரிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ஏன் ஐயா, வர்றவங்க எல்லாரும் இப்படிக் கழுவினா, அப்புறம் வர்றவங்களுக்கு என்ன இருக்கும்?" என்று கேட்டார். தத்துவ சாஸ்திரமும் வேத சாஸ்திரமும் வருஷக்கணக்காய்ப் படித்த எனக்கு மறுமொழி வரவில்லை. ஈரம் காயும்போது பாறையிலுள்ள உப்பு மேலே வந்து படிகிறது, காவி மங்கி உதிர்கிறது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

பிரான்சு தேசத்து லாஸ்கோ குகைச் சித்திரங்களை 1940-ல் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். சில நாட்களுக்குள் அங்கே போய்ச் சோதித்தவர் ஆன்ரி ப்ரோய் என்ற கத்தோலிக்க குருவானவர். 1948-ல் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். கூட்டம் கூட்டமாய் வந்தவர்களின் மூச்சுக் காற்றே சித்திரங்களைக் கெடுத்தது. 1963-ல் குகையை மூட வேண்டியதாயிற்று. பார்க்க வந்தவர்களில் கெட்ட எண்ணத்தோடு வந்தவர் எத்தனை பேர் இருந்திருக்கப் போகிறார்கள்?

ஏழாம் கற்பனை என்றதும் பணத்தையும் நகையையுமே நினைக்கிறோம். இன்னும் பிறவாத பிள்ளைகளின் சொத்தை எடுத்துக்கொள்வதும் களவுதானே! நான் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.

சைதாப்பேட்டைச் சின்னமலைக் குகையில் அர்ச். தோமையாரின் கை பதிந்ததென்று பாரம்பரியம் சொல்லும் இடத்தை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். அதன்மேல் ஒருவன் ஆணியால் தன் பெயரைக் கீறினால் நம் மனம் எப்படித் துடிக்கும்! கீழ்வாலையில் தீட்டியவன் நம் வேதத்தை அறியாதவன். ஆனாலும் சர்வேசுரன் தமது சாயலாகச் சிருஷ்டித்த ஆத்துமம் அவனுக்கும் இருந்தது. அவன் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோடுகள்தான் கிடைத்திருக்கின்றன.

ஆகையால் சாக்குக்கட்டி, ஆணி எதுவும் பையில் வேண்டாம். பெற்றோர் சிறு பிள்ளைகளின் கையைப் பிடித்திருக்கட்டும். பாறை வழுக்கும், செருப்பு உறுதியாயிருக்க வேண்டும். புளிச்சாதம் போதும், இலைகளையும் காகிதங்களையும் திரும்ப எடுத்து வாருங்கள். தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள், குடிப்பதற்கு. ஆடு மேய்க்கும் அந்தப் பெரியவரைக் கண்டால் என் வந்தனத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் பங்குச் சுவாமி