ஆசிரியை மாறும்போது பிள்ளைக்குள்ள ஹக்கு

பாலர் வகுப்பிலோ மக்தப் மதரஸாவிலோ ஓர் ஆசிரியர் விலகப் போகிறார் என்று தெரிந்தால் நிர்வாகிகள் கூடுகிறார்கள். அவருக்குச் சேர வேண்டிய பாக்கி எவ்வளவு, புதிதாக வருகிறவர் என்ன சம்பளம் கேட்கிறார், என்றைக்கு வந்து பொறுப்பேற்பார் என்பவை பேசி முடிக்கப்படுகின்றன. மறுநாள் காலையில் வகுப்புக்கு வரும் மூன்று வயதுப் பிள்ளை, நேற்று வரை தன் மூக்கைத் துடைத்துவிட்டு, மடியில் உட்கார வைத்து, எழுத்துச் சொல்லிக் கொடுத்த முகத்தைத் தேடுகிறது. அதைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். “பிள்ளைகள்தானே, இரண்டு நாள் அழும், பிறகு சரியாகிவிடும்” என்ற ஒரு சொல்லோடு விஷயம் தீர்ந்துவிடுகிறது.

நாம் கேட்பது இதுதான். அந்த அழுகை வெறும் பிள்ளைத்தனமா? அல்லது ஆசிரியர் மாற்றத்தில் அந்தப் பிள்ளைக்கும் ஷரீஅத் மதிக்கின்ற ஒரு ஹக்கு உண்டா?

பள்ளிக்கூட நியமனத்தைப் பற்றித் திருமறையில் எங்கே சொல்லப்பட்டிருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் சிறு பிள்ளையைப் பேணுகிறவர் கை மாறுவதைப் பற்றித் திருமறை பேசுகிறது. ஸூரத்துல் பகராவின் 233-ஆம் ஆயத்தை எடுத்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் காலம், பால் கொடுப்பவளின் உணவும் உடையும் யார் பொறுப்பு, இடையில் பால்குடியை நிறுத்த நினைத்தால் என்ன செய்வது, வேறொரு பெண்ணிடம் ஒப்படைக்க நினைத்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அந்த ஓர் ஆயத்தில் அடங்கியிருக்கின்றன. நிறுத்துவதானால் தாயும் தகப்பனும் மனம் ஒத்து, கலந்து ஆலோசித்துச் செய்ய வேண்டும் என்கிறான் அல்லாஹுதஆலா. செவிலியை அமர்த்தினால் கொடுக்க வேண்டியதை முறைப்படி கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாய்க்கும் தீங்கு நேரக்கூடாது, தகப்பனுக்கும் நேரக்கூடாது.

பால் கொடுப்பதால் பால்குடி உறவு உண்டாகும். எழுத்துச் சொல்லிக் கொடுப்பதால் உண்டாகாது. ஆகவே இரண்டுக்கும் ஒரே ஹுக்மு என்று நாம் சொல்ல வரவில்லை. வாய் திறந்து தன் குறையைச் சொல்லத் தெரியாத பிள்ளையைக் கூலிக்கு அமர்த்திய ஒருவர் கையில் ஒப்படைப்பது என்பதில் இரண்டும் ஒன்று. அந்த அளவுக்கு மட்டுமே இந்த ஒப்புமையை எடுத்துக்கொள்கிறோம்.

நம் ஃபுகஹாக்கள் இந்த இடத்தில் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பாலூட்டுவதற்காகச் செய்யப்படும் இஜாரா ஒப்பந்தத்தில் காலத்தைக் குறிப்பிட்டால் மட்டும் போதாது, எந்தப் பிள்ளை என்பதையும் குறிப்பிட வேண்டும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் காண்கிறோம். பிள்ளைக்குப் பிள்ளை நிலை வேறுபடும் என்பதே காரணம். ஹனஃபி மத்ஹபிலோ, பெற்ற தாயைக்கூடப் பால் கொடுத்தே தீர வேண்டும் என்று காஜியார் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் பிள்ளை வேறு யாரிடமும் பால் குடிக்க மறுத்தால் சட்டம் மாறிவிடுகிறது, அப்போது தாய் கடமைப்பட்டவளாகிறாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புகிறதே, அந்த மறுப்பு ஒரு பெரிய மனுஷியின் உரிமையையே மாற்றிவிடுகிறது! மூஸா (அலை) அவர்களின் சரித்திரத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஃபிர்அவ்னின் அரண்மனையில் ஆள் பலத்துக்கும் பொருள் பலத்துக்கும் குறைவில்லை. ஆயினும் செவிலியர் யாரிடமும் அந்தப் பிள்ளை பால் குடிக்கவில்லை. கடைசியில் அரண்மனைதான் பிள்ளைக்கு இணங்கிப் போக வேண்டியதாயிற்று.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

மதுரைக்கு வடகிழக்கே மேலூர்ப் பக்கத்தில் திருவாதவூர் இருக்கிறது. மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று சைவ அன்பர்கள் போற்றும் பழம்பெரும் ஊர். கண்மாயும் வயலுமான இத்தகைய ஊர்களில் நடவுக்கோ களையெடுப்புக்கோ போகிற தாய், பொழுது விடிந்ததும் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற இடம் பால்வாடிதான். அங்கன்வாடி என்று அரசாங்கம் சொன்னாலும் ஜனங்கள் வாயில் பால்வாடி என்ற பெயர் இன்னும் போகவில்லை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியாக வந்த இந்த மையங்கள் தமிழகத்தில் 54,000-க்கும் மேல் உள்ளன. முஸ்லிம் வீட்டுப் பிள்ளையும் ஹிந்து வீட்டுப் பிள்ளையும் அங்கே ஒரே பாயில் தூங்குகிறார்கள்.

2019 ஜனவரியில் தமிழக அரசு நல்ல நோக்கத்தோடு ஒரு காரியத்தைத் தொடங்கிற்று. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் திறக்கப்பட்டன. பணம் கட்டித் தனியார் நர்ஸரிக்கு அனுப்ப வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் பாடம் நடத்துவதற்கு, தொடக்கப் பள்ளிகளில் உபரியாகக் கணக்கிடப்பட்ட இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். அந்த ஆசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; நீதிமன்றத்துக்கும் சென்றார்கள். நாங்கள் பயிற்சி பெற்றது ஒன்றாம் வகுப்பு முதல் மேலே உள்ள பிள்ளைகளுக்காக, மழலையருக்காக அல்ல என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். கலந்து பேசாமல் ஒருவரை ஒரு வேலையில் கொண்டுபோய் நிறுத்துவது அந்த ஆயத்து காட்டிய வழியன்று.

பிறகு என்ன நடந்தது? 2020 மார்ச்சில் கொரோனா நோய்க்காகப் பள்ளிகள் பூட்டப்பட்டன. நெடுநாள் கழித்துத் திறந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை. 2022 ஜூனில், தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை என்று சொல்லி, அனுப்பப்பட்டவர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். பாலர் வகுப்புகளே இனி நடவா என்ற நிலை ஏற்பட்டு, பல தரப்பிலிருந்தும் எதிர்ப்பு எழுந்ததும், சில நாட்களிலேயே வகுப்புகள் தொடரும், தற்காலிகமாகச் சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்படுவார்கள் என்ற அறிவிப்பு வந்தது. மூன்றரை ஆண்டுக்குள் வர விருப்பமில்லாமல் வந்தவர்கள், பழகிய பின் போகச் சொல்லப்பட்டவர்கள், நிலையில்லாத ஊதியத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் என்று முகங்கள் மாறின. உபரி, பற்றாக்குறை என்ற இரண்டு சொற்களும் பெரிய வகுப்புகளின் கணக்கிலிருந்து வந்தவை. மழலையரின் கணக்கை யார் பார்த்தார்கள்?

அரசாங்கத்தைக் குறை சொல்வது எளிது. நம் மஹல்லாக்களில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? ரமலான் முடிந்து ஷவ்வால் பிறந்தால் எத்தனை ஊர்களில் உஸ்தாத் மாறுகிறார்! பிள்ளை ‘அலிஃப், பே, தே’யை ஒருவரிடம் ஒரு ராகத்தில் கற்று, ஜபர் ஜேரை மற்றொருவரிடம் வேறு ராகத்தில் கற்று, மூன்றாமவர் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஏன் மாற்றினீர்கள் என்றால் சம்பளத்தில் நூறோ இருநூறோ கூட்டிக் கேட்டார் என்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தாண்டிப் போக முடியாது. பிள்ளைக்கு ஹக்கு உண்டு என்றால், ஆசிரியை விலகவே கூடாதா? கல்யாணம், பிரசவம், மாமியாரின் நோய், வேறிடத்தில் நல்ல வேலை என்று அவளுக்கும் ஆயிரம் காரணங்கள் உண்டு. “நீ போய்விட்டால் இந்தப் பிள்ளைகள் ஏங்கிப் போகும்” என்று சொல்லியே குறைந்த சம்பளத்தில் ஓர் ஏழைப் பெண்ணைப் பல வருஷம் வைத்திருக்கும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். கேட்டால் கித்மத் என்பார்கள். பிள்ளையைக் காட்டித் தாயைத் துன்புறுத்தலாகாது என்று அல்லாஹ் தடுத்திருக்க, பிள்ளையைக் காட்டி ஆசிரியையின் கூலியைக் குறைப்பது எப்படி ஹலாலாகும்? பிள்ளையின் பாசம் அவளைக் கட்டிப் போடும் கயிறல்ல. பிள்ளையின் ஹக்கை நிறைவேற்றும் கடமை முதலில் நிர்வாகத்தின் மேல் விழுகிறது. அதன் பிறகே அவள் மேல் விழுகிறது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. கூலி இவ்வளவு என்று நிச்சயிக்காமல் ஒருவரை வேலைக்கு அமர்த்துவது பொதுவாகக் கூடாது. ஆனால் செவிலியை மட்டும் அவளுடைய சாப்பாட்டுக்கும் உடுப்புக்குமாக அமர்த்தலாம் என்று இமாமவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அவர்களுடைய மாணவர்களான இரு இமாம்களும் இதற்கு உடன்படவில்லை. இமாமவர்களின் தீர்ப்புக்கு ஃபிக்ஹு நூல்கள் சொல்லும் காரணம் நம்மை வெட்கப்பட வைக்கிறது. பிள்ளையின் மேலுள்ள இரக்கத்தால் ஜனங்கள் செவிலிக்குத் தாராளமாகவே கொடுப்பார்கள், ஆகவே தகராறு வராது என்பதுதான் அது! இன்றைய வழக்கம் நேர்மாறு. பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவருக்கு அதிகம், சிறு பிள்ளையைச் சுமக்கிறவளுக்குச் சொற்பம். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி பணிக்கொடை உண்டு என்பதே 2022 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் உறுதியாயிற்று.

“பிள்ளைகள் ஒரு வாரத்தில் மறந்துவிடும்” என்ற பழைய சொல்லுக்கு வருவோம். மறக்கலாம். ஆனால் யத்தீமின் சொத்தைத் தின்றவன் மறுமையில் அப்படிச் சொல்லித் தப்ப முடியுமா? தகப்பன் வைத்துவிட்டுப் போனது இன்னதென்று அந்த யத்தீமுக்குத் தெரியவே தெரியாது. தெரியாததனால் ஹக்கு இல்லாமல் போய்விடவில்லை. காப்பவனின் பொறுப்புத்தான் கூடிற்று. கேட்கத் தெரிந்தவனின் ஹக்கை அவனே கேட்டு வாங்கிக்கொள்வான். கேட்கத் தெரியாதவனின் ஹக்கு அமானத்தாக நம் கழுத்தில் கிடக்கிறது. தொழுகையில் நிற்கும்போது ஒரு பிள்ளையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையையே சுருக்கிக்கொண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம்.

நாயகம் (ஸல்) அவர்களின் இளம் பருவமே கை மாறிக் கை மாறிக் கழிந்தது. பனூ ஸஃது கூட்டத்தில் ஹலீமா அம்மையாரிடம் வளர்ந்தார்கள்; பெற்ற தாயிடம் வந்தார்கள்; ஆறாவது வயதில் அப்வாவில் ஆமினா அம்மையார் வஃபாத்தானார்கள்; பாட்டனாரிடம் வந்தார்கள்; எட்டாவது வயதில் அவரும் போய், பெரிய தந்தை அபூதாலிப் அவர்களிடம் சேர்ந்தார்கள். ஆனால் இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் மாறாத ஒரு முகம் இருந்தது. தந்தையார் விட்டுச் சென்ற அடிமைப் பெண் பரக்கா, நாம் உம்மு அய்மன் (ரலி) என்று அறிகிறோமே, அவர்தாம். அப்வாவிலிருந்து அந்த அநாதைப் பிள்ளையை மக்காவுக்கு அழைத்து வந்ததும் அவர்தாம். பிற்காலத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் தம் தாய்க்குப் பின் தாயாக மதித்து, வீடு தேடிச் சென்று பார்த்து வந்தார்கள்.

பால்வாடியிலும் டீச்சர் ஒருவர், ஆயா ஒருவர் என்று இருவர் இருக்கிறார்கள். டீச்சர் மாறும் வருஷத்தில் ஆயாவையும் சேர்த்து மாற்றாமல் இருப்பது முடியாத காரியமல்ல. சோறு ஊட்டிய கை அதே கையாக இருந்தால் பாடம் சொல்லும் குரல் மாறினாலும் பிள்ளை தாங்கிக்கொள்ளும். மதரஸாவில் இரண்டு உஸ்தாதுகள் இருந்தால், இருவரையும் ஒரே ஷவ்வாலில் மாற்றாதீர்கள்.

பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள். “டீச்சர் ஊருக்குப் போயிருக்காங்க, நாளைக்கு வருவாங்க” என்று அத்தாவும் சொல்கிறார், ஆயாவும் சொல்கிறார். பிள்ளை நாள்தோறும் வாசலைப் பார்க்கிறது. ஒரு தாய் தன் சிறுவனை ‘வா, ஒன்று தருகிறேன்’ என்று அழைத்தபோது, என்ன கொடுக்க எண்ணினாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள்; பேரீச்சம்பழம் என்று அவர் சொன்னார்; ஒன்றும் கொடாதிருந்தால் அது உன்மேல் பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். ஒரு பேரீச்சம்பழத்துக்கே இந்தக் கணக்கு. போகிறவரே பிள்ளைகளை உட்கார வைத்து, நான் போகிறேன், இனி இவர் உங்களுக்குச் சொல்லித் தருவார் என்று புதியவரின் கையைப் பிடித்துக் காட்டிச் சொல்லிவிட்டுப் போகட்டும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பண்டம் ஆகாது, எது சொல்ல வெட்கப்பட்டு உடுப்பை நனைத்துக்கொள்ளும், எதன் வீட்டில் தாய் இல்லை என்பதெல்லாம் எந்த ரிஜிஸ்டரிலும் இருப்பதில்லை. அவற்றை வாய் வழியாகத்தான் ஒப்படைக்க வேண்டும்.

அதற்கு இருவரும் ஒரு வாரமாவது சேர்ந்து இருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்துக்கு இரண்டு சம்பளமா என்று ஜமாஅத் கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் எழுந்து கேட்பார். ஆம், இரண்டு சம்பளம்தான். செவிலி மாறும்போது கணக்கைத் தீர்ப்பது தகப்பனின் பொறுப்பு என்றால், மஹல்லாவின் பிள்ளைகளுக்கு அந்தத் தகப்பன் ஜமாஅத்துதான்.