காட்டுத்தீயும் மறக்கருணையும்

முதல்வன் இயற்றும் ஐந்தொழிலும் அருளே என்பது சித்தாந்தத் துணிபு. அவற்றுள் அழித்தல், பிறந்திறந்து இளைத்த உயிர்கட்கு இளைப்பு ஒழித்தற் பொருட்டாம். அழித்தலும் அருளாதல் யாங்ஙனம் என ஐயுறுவார்க்கு, அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலைச்சாரற் காடுகளைக் காட்டாகக் கூறுதும்.

ஆண்டுச் செக்குவோயா என்னும் பெருமரங்கள் உள. 3,000 ஆண்டு கடந்தனவும் அவற்றுள் உண்டு. அவற்றின் காய்கள் 20 ஆண்டளவும் பசுமை மாறாது மூடியே கிடத்தல் கூடும். கீழே தீப் படர்ந்துழி, மேலெழும் வெப்பத்தால் அவை உலர்ந்து விரிய, நுண்ணிய வித்துக்கள் உதிரும். சருகை எரித்து வித்து வேரூன்ற வெறுமண் தருவதும், நிழல்செய் சிறுமரங்களைக் களைந்து கதிரொளியை இறக்குவதும் அத்தீயே. தாய்மரமோ தடித்த பட்டையாற் காக்கப்பட்டு நிற்கும்.

இஃதறியாது, தீயென்றாற் கேடே எனக் கொண்டு, அந்நாட்டார் பல்லாண்டு எழுந்த தீயையெல்லாம் அவித்தனர். விளைந்தது யாதெனின், இளங்கன்றுகள் அருகின. சருகும் சிறுமரமும் மல்கின. பிழையுணர்ந்து, 1968 முதல் செக்குவோயா, கிங்ஸ் கேனியன் தேசியப் பூங்காக்களில் அளவறிந்து தாமே தீயிடலாயினர். ஆயினும் எஞ்சிய விறகு பெரிது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் வறட்சியும் வெம்மையும் துணைசெய்ய மூண்ட பெருந்தீக்களால், உலகிலுள்ள பெரிய செக்குவோயாக்களுள் நூற்றுக்கு 13 முதல் 19 வரை மாய்ந்தன, அன்றி மாயுந் தறுவாயின என மதிப்பிட்டுள்ளனர். சிறுதீயைத் தாங்கிய பட்டை பெருந்தீயைத் தாங்கிற்றில்லை.

அற்றேல், தீயெல்லாம் நன்றோ எனின், அன்று. தென்னாப்பிரிக்காவின் கேப் நிலத்துப் புதர்க்காட்டில் புகையே பல வித்துக்களை முளைக்கத் தூண்டும். அமேசான் மழைக்காட்டு மரங்களோ பெரும்பாலும் மெல்லிய பட்டையின. ஆண்டு அதே தீ கேடே பயக்கும். மருத்துவன் நோயாளி நிலைநோக்கி மருந்தூட்டுமாறு போல, முதல்வனும் உயிர்களின் பக்குவம் நோக்கியே அறக்கருணையும் மறக்கருணையும் செய்வன் என்க.

ஆகலின், தமக்கு வந்த சிறுதுன்பத்தை வெறுப்பார் சருகு குவித்தாரை ஒப்பர். பிறர் துன்பங் கண்டு, 'இதுவும் அருளே' எனக் கைகட்டி நிற்பாரோ, மழைக்காடு எரியக் கண்டும் வாளாவிருந்தாரை ஒப்பர். தம் துன்பத்தில் அருளைக் காண்டலும், பிறர் துன்பத்தில் தாம் அருளாய் நிற்றலுமே அடியார்க்குக் கடன். மூடிய காயும் உரிய வெம்மையில் விரியும். மலத்தான் மூடுண்ட உயிரும் அவ்வாறே.

திருச்சிற்றம்பலம்.