விற்க ஆளில்லாத சொத்து

எட்டாம் நூற்றாண்டில் கூஃபா நகரில் துணி வியாபாரம் பார்த்துக்கொண்டே சட்டமும் சொன்னவர் இமாம் அபூ ஹனீஃபா. சொத்து என்றிருந்தால் அதற்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது கடைக்காரருக்கு எளிதில் விளங்கும் நியாயம். ஒருவர் தன் தோட்டத்தை ஏழைகளுக்கென்று வக்ஃபு செய்கிறார், அதாவது அறக்கொடையாக ஒதுக்கிவைக்கிறார். விளைச்சல் ஏழைகளுக்குப் போகட்டும். தோட்டம் அவருடையதுதான், மனம் மாறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார் இமாம். நீதிபதியான காஜி தீர்ப்பளித்து உறுதிசெய்தால் அந்த வழி அடைபடும். பள்ளிவாசல் மட்டும் வேறு கணக்கு.

அவருடைய மாணவர்களே இதை ஏற்கவில்லை. பிற்பாடு கலீஃபா ஹாரூன் அல்-ரஷீதிடம் தலைமைக் காஜியாக இருந்த அபூ யூசுஃப், கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை நபித்தோழர் உமர் வக்ஃபு செய்த செய்தியைக் கேட்டு ஆசிரியரை விட்டு விலகினார் என்பார்கள். வக்ஃபு என்று சொன்ன மாத்திரத்தில் சொத்து மனிதர் கையை விட்டுப் போய் இறைவனுக்கு உரியதாகிவிடுகிறது என்றார். ஷாஃபிஈ மத்ஹபில், அதாவது சட்டப் பள்ளியில், வலுவான கருத்தும் இதுதான். மற்ற பள்ளிகளில், மாலிகிகள் உரிமையைக் கொடுத்தவரிடமே விட்டுவிட்டு அவர் கையைக் கட்டிப்போட்டார்கள். ஹன்பலிகளில் பலர் அனுபவிப்பவருக்கே உரிமை என்றார்கள். ஆனால் விற்க விடவில்லை.

ஆக, யார் உடைமை என்பதில்தான் பெரும் சண்டை. விற்கவோ, இனாமாகத் தரவோ, பாகம் பிரிக்கவோ கூடாது என்பதில் அபூ ஹனீஃபாவைத் தவிர அநேகமாக எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். உரிமை என்று நாம் சொல்வதில் முக்கால் பங்கு, ஒன்றைத் தீர்த்துவிடும் அதிகாரம். அது போன பிறகு பட்டாவில் யார் பெயர் இருந்தால் என்ன?

ஆனாலும் இறைவனுடைய வீட்டிலும் கூரை ஒழுகும். வக்ஃபைப் பார்த்துக்கொள்ளும் முதவல்லி சொத்தை வாடகைக்கு விட்டாக வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கொடுத்தவர் நிபந்தனை எதுவும் எழுதாமல் போயிருந்தால் வீட்டை ஓராண்டுக்கும், விளைநிலத்தை மூன்றாண்டுக்கும் மேல் குத்தகைக்கு விடக்கூடாது என்று அபூ ஹனீஃபாவின் வழிவந்த பிற்கால ஹனஃபிகள் வரம்பு வைத்தார்கள். நெடுநாள் குடியிருப்பவரை ஊர் சொந்தக்காரர் என்றே நம்பிவிடும், அவரும் நம்பிவிடுவார் என்பது காரணம். நூல் நூலாக நடந்த உரிமை விவாதத்தைவிட இந்தச் சின்ன விதியில் உலக அனுபவம் அதிகம்.

அந்த வரம்பும் நிற்கவில்லை. உஸ்மானியர் கால இஸ்தான்புல்லில் அடிக்கடி தீப்பிடித்து வக்ஃபுக் கட்டடங்கள் சாம்பலாயின. திரும்பக் கட்ட வக்ஃபிடம் பணமில்லை. குடிவருபவரிடம் பெருந்தொகையை முன்கூட்டியே வாங்கி, பிறகு ஆண்டுதோறும் சொற்ப வாடகை வசூலிக்கும் இரட்டைக் குத்தகை முறை வந்தது. அந்தக் குடியிருப்பு உரிமை பிள்ளைகளுக்குப் போனது, பிறருக்குக் கைமாறவும் செய்தது. யாரும் எதையும் விற்கவில்லை. தஸ்தாவேஜில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. வாடகையை ஒழுங்காகக் கட்டியவர்களே மெல்ல மெல்லச் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

உமரின் வக்ஃபு ஏற்பாட்டை இதற்குப் பிறகு படித்தால் வேறு விதமாகத் தெரிகிறது. மூலத்தைத் தொடாதே, பலனைத் தர்மம் செய் என்று நபிகள் காட்டிய வழியில் அமைந்தது அது. விளைச்சல் ஏழைக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் விருந்தாளிக்கும் உரியது. பார்த்துக்கொள்பவர் நியாயமான அளவு சாப்பிடலாம், தனக்கென்று சேர்த்துவைக்கக் கூடாது. அந்தப் பொறுப்பு உயிருள்ளவரை மகள் ஹஃப்ஸாவுக்கு. அவருக்குப் பின் குடும்பத்தில் விவேகம் உள்ளவருக்கு. நிலம் இனி யாருடையது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.