இறந்தவர் பிழையும் இருப்போர் கடனும்

கலிபோர்னியாவின் கடற்கரையை அடுத்து, ஸ்ட்ரோபெரித் தோட்டங்கள் சூழ வாட்சன்வில் என்னும் சிறு நகரம் இருக்கின்றது. அந்நகருக்குச் சொந்தமான விமானத்தளத்தில், 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 18ஆம் திகதி பிற்பகல், தரையிறங்கும் தறுவாயிலிருந்த இரு சிறு விமானங்கள் ஒன்றோடொன்று மோதி வீழ்ந்தன. ஒன்றில் ஒருவரும் மற்றதில் இருவரும் இருந்தனர். மூவரும் மாண்டனர்.

மூன்று உயிர்களின் இழப்பு உலகப் பத்திரிகைகளுக்கு ஒருநாட் செய்தி. எனினும், ஒரே தளத்திலிருந்து பறப்போர் தம்முள் ஒருவரை இழக்கும்போது அவர்களிடையே எழும் வழக்கு ஒன்றுண்டு. அஃது அவர்களுக்கு மட்டும் உரியதன்று. இறந்தவரின் பிழையைப் பற்றிப் பேசலாமா? பேசுவதாயின் எப்பொழுது பேசுவது? துக்கம் ஆறுமுன் காரணம் தேடுதல் மாண்டவரை அவமதிப்பதாகுமா, அன்றித் தேடாதிருத்தலே அவமதிப்பாகுமா? சுரங்கத்திலும் ஆலையிலும் மீன்பிடி வள்ளத்திலும் இதே கேள்வி எழுகின்றது. சொந்த விமானத்திற் பறப்போர் வசதி படைத்தோர்தாமே, அவர்தம் சாவில் நமக்கென்ன என்று நம் வாசகருட் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அன்னார் இன்னுஞ் சில பந்திகள் பொறுத்திருப்பாராக.

வாட்சன்வில் தளத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்கவில்லை. விபத்து நிகழ்ந்த காலத்தில் 300க்கு மேற்பட்ட விமானங்கள் அங்கு தங்கியிருந்தன. ஆண்டொன்றுக்கு 55,000க்கு மேற்பட்ட ஏற்ற இறக்கங்கள் நிகழ்ந்தன என்பது கணக்கு. இத்தனைக்கும் நடுவே நின்று வழி சொல்வார் எவருமில்லை. ஒவ்வொரு விமானியும் பொதுவான ஓர் அலைவரிசையில், தாம் எங்கிருக்கின்றார், யாது செய்யப்போகின்றார் என்பதைத் தாமே அறிவிப்பார். பிறர் அறிவிப்பைக் கேட்பார். கண்ணாற் கண்டு விலகிக்கொள்வார். ‘கண்டு விலகுதல்’ என்பதே இம்முறையின் முழுத் தத்துவமும்.

அன்று செஸ்னா 152 என்னும் இரண்டு ஆசனச் சிறு விமானம் தளத்தைச் சுற்றி வட்டமிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. செஸ்னா 340 என்னும் இரட்டை எஞ்சின் விமானம் அவ்வட்டத்திற் சேராது, தொலைவிலிருந்து நேர்கோட்டில் ஓடுபாதையை நோக்கி வந்தது. இரண்டிலிருந்தும் அறிவிப்புக்கள் வந்தன. பெரியது மணிக்கு ஏறத்தாழ 180 கடல்மைல், அதாவது 330 கிலோமீற்றர் வேகத்திற் சிறியதைப் பின்னிருந்து நெருங்கியது. அத்தகைய விமானம் இறங்குதற்குரிய வேகம் இதனினும் மிகக் குறைவு. அது தன்னை நோக்கி விரைந்து வருவதைச் சிறிய விமானத்தின் விமானி உணர்ந்தார். இறங்காமல் மேலெழுந்து மீண்டும் சுற்றி வருவதாக அறிவித்தார். சில விநாடிகளில் மோதல் நிகழ்ந்தது. பெரிய விமானத்தின் விமானி மற்றதைக் கண்டு விலகத் தவறினார் என்பது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் முடிவு.

நேர்கோட்டில் வந்து இறங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. இறங்க வரும் இரு விமானங்களுள் தாழப் பறப்பதற்கே முன்னுரிமை என்றும், அம்முன்னுரிமையைக் கொண்டு மற்றதன் முன்னே குறுக்கிடலாகாது என்றும் விதி கூறுகின்றது. ஏட்டிலே தெளிவான விதிதான். ஒருவரையொருவர் காணாத இருவருள் யார் தாழப் பறக்கின்றார் என்பதை வானிலே தீர்ப்பவர் யார்?

சக விமானி ஒருவர் இறந்தால் ஏனையோர் அணிவகுத்துப் பறந்து அஞ்சலி செய்யும் வழக்கமுண்டு. அணியிலிருந்து ஒரு விமானம் மட்டும் மேலெழுந்து பிரிந்து செல்லும். அதன் இடத்தை வெற்றிடமாகவே விட்டு மற்றவை தொடர்ந்து பறக்கும். சொல்லின்றிச் செய்யும் இவ்வஞ்சலி நெஞ்சைத் தொடுவது. ஆனால் அதற்குப் பின்னர் வரும் மௌனம் வேறு வகையானது. ‘அறிக்கை வரட்டும், அதுவரை ஊகம் வேண்டாம்’ என்பர் மூத்தோர். அதில் நியாயம் இல்லாமலில்லை. அரைகுறைச் செய்தியை வைத்துக்கொண்டு, மனைவி மக்களின் கண்ணீர் உலருமுன்னே, மாண்டவர் மேற் பழிபோடுதல் மனிதப் பண்பன்று. அவரோ திரும்பி வந்து ஒரு வார்த்தை மறுத்துரைக்க இயலாதவர். ஆயினும் இத்தகைய அறிக்கை வெளிவர ஓராண்டு ஈராண்டு செல்வது சாதாரணம். அதற்கிடையே, மறுநாட் காலையில் அதே ஓடுபாதையில், அதே அலைவரிசையில், பயிலும் இளைஞன் ஒருவன் தனியே ஏறிப் பறக்கின்றான். அவனுக்கு எதைச் சொல்லி அனுப்புவது?

மௌனத்தினும் கேடான பேச்சொன்றும் உண்டு. ‘நானாயின் அவ்வாறு செய்திரேன்’ என்பதே அது. தாழ்ந்த குரலிற் சொல்லப்படும் இவ்வாக்கியம் துக்கத்தின் உடையை அணிந்து வருகின்றது. உள்ளே இருப்பது அச்சம். மாண்டவர் கவனமற்றவர் என்று நிறுவிவிட்டால் கவனமுள்ள நமக்கு அச்சாவு நேராது என்று நெஞ்சம் ஆறுதல் கொள்கின்றது. இறந்தவரின் பிழை இருப்பவரின் தாயத்தாகிவிடுகின்றது! ஆலையில் இயந்திரம் கையை வெட்டிய தொழிலாளியைப் பற்றி மேற்பார்வையாளன் சொல்வதும் இதுவே. பக்கத்தில் நின்ற தொழிலாளி சொல்வதும் சிலவேளை இதுவே என்பதை மறைப்பதற்கில்லை.

கண்டு விலகுதல் என்பதைச் சிறிது ஆராய்வோம். ஒன்றோடொன்று மோதும் பாதையில் வரும் விமானம், நேர்கோட்டிற் சென்றுகொண்டிருக்கும் விமானியின் பார்வையில் இடம்பெயர்வதில்லை. கண்ணாடியில் ஒட்டிய புள்ளிபோல் ஓரிடத்திலேயே நிற்கும். அசைவதையே முதலில் நாடும் இயல்புடைய மனிதக் கண் அசையாத புள்ளியை எளிதில் விட்டுவிடும். அப்புள்ளி விமானமாகப் பெருகுவது கடைசிச் சில விநாடிகளில். கண்டு, இன்னதென்று உணர்ந்து, முடிவெடுத்து, விமானத்தைத் திருப்ப 12.5 விநாடிகள் வேண்டுமென்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகத்தின் வழிகாட்டியே கணக்கிட்டுள்ளது. பின்னாலிருந்து வருவதையோ முன்னிருப்பவர் காண வழியில்லை. இறக்கை மறைப்பதும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ‘காணத் தவறினார்’ என்னும் முடிவு உண்மையே எனினும், கண்ணால் இயலாததைக் கண்ணிடம் ஒப்படைத்தவர் யாவர் என்பதை அது கேட்கவில்லை.

இக்கேள்வி கேட்கப்பட்ட காலமும் உண்டு. 1956ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி கிராண்ட் கன்யனுக்கு மேலே இரு பெரும் பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் மாண்டனர். அவ்வான்வெளியிலும் அன்று கண்ணே காவல். நாடு கொதித்தெழுந்தது, 1958இற் புதிய சட்டமும் அதன் வழியே வான்வெளியனைத்தையும் மேற்பார்க்கும் புதிய நிருவாகமும் வந்தன. 1986 ஆகஸ்ட் 31ஆம் திகதி செரிட்டோஸ் நகரின் மேல் ஒரு பயணிகள் விமானமும் ஒரு சிறு விமானமும் மோதி, நிலத்திலிருந்த 15 பேர் உட்பட 82 பேர் மாண்டனர். மறு ஆண்டிலேயே பெரிய பயணிகள் விமானங்களில் மோதலை எச்சரிக்கும் கருவி பொருத்தப்படவேண்டுமெனச் சட்டமியற்றினர். பலர் ஒருங்கே மாண்டபோது அரசு பணத்தைச் செலவிட்டது. சிறு தளங்களில் இருவரும் மூவருமாக மாளும்போது, கவனமாயிருங்கள் என்ற அறிவுரையே பெரும்பாலும் மிஞ்சுகின்றது. அறிவுரைக்குச் செலவில்லையன்றோ!

கோபுரம் ஒன்றை நடத்துவதற்கு அங்கே இலாப நட்டக் கணக்கு உண்டு. தவிர்க்கப்படும் விபத்துக்களின் பெறுமதியும் கோபுரத்தின் செலவும் தராசில் நிறுக்கப்படுகின்றன. மனித உயிருக்கும் டொலரில் ஒரு விலை குறிக்கப்படுகின்றது. எல்லாத் தளங்களுக்கும் எல்லாம் கொடுக்கமுடியாதாகையால் கணக்கு வேண்டுவதே. ஆனால் அத்தராசு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1981 ஆகஸ்டில் அமெரிக்க வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஊதிய உயர்வோடு, களைப்பைக் குறைக்க வாரத்துக்கு 32 மணிநேர வேலை வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. ஜனாதிபதி றீகன் 11,000க்கு மேற்பட்டோரை ஒரேயடியாக வேலைநீக்கஞ் செய்தார். (அச்சங்கம் 1980ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரையே ஆதரித்திருந்தது என்பது வரலாற்றின் கசப்பான நகைகளுள் ஒன்று.) ஆளின்றிப்போன நிலையில், 1982இல் ஐந்து சிறு கோபுரங்களைத் தனியார் ஒப்பந்தத்துக்கு விடும் திட்டம் தொடங்கியது. இன்று அவ்வாறு நடப்பவை 250க்கு மேல். களைப்பைப் பற்றிப் பேசியோர் வெளியேற்றப்பட்ட வரலாற்றோடு சிறுதளத்து விமானியின் சாவுக்குத் தொடர்பில்லையென்று நாம் எண்ணவில்லை. முகஞ்சுளித்த நண்பர்களுக்கு நாம் சொல்ல இருந்தது இதுவே.

இனி மறுபக்கம். கோபுரம் எழுந்தால் எல்லாம் தீர்ந்தது என்போரும் உளர். வாட்சன்வில் விபத்துக்கு ஒரு மாதம் முன்னர், 2022 ஜூலை 17இல், வட லாஸ் வேகாஸ் தளத்தில் இரு சிறு விமானங்கள் மோதி நால்வர் மாண்டனர். அங்கே கோபுரம் இருந்தது, கட்டுப்பாட்டாளரும் இருந்தனர். ஒரு விமானம் தனக்குக் குறித்த ஓடுபாதையை விட்டுப் பக்கத்து ஓடுபாதையை நோக்கிச் சென்றுவிட்டது. அமைப்பே குற்றவாளி என்று முழங்கிவிட்டு ஓய்ந்துவிடும் பழக்கம் நம் பக்கத்திலும் உண்டு. வட்டத்திற் பிறர் இருப்பதைக் கேட்டபின்னரும் அவ்வேகத்தில் வருவதென்பது ஒரு மனிதர் எடுத்த தீர்மானம். அதைச் சொல்லக் கூசுவது அவரிடம் நாம் காட்டும் மரியாதையன்று. அவரைப் பொறுப்பேற்கவியலாத குழந்தையாக்குவதாகும்.

சொல்லுகின்ற முறை ஒன்று உண்டு. 1974 டிசம்பர் 1ஆம் திகதி, வாஷிங்டன் நகரை அண்டிய டலஸ் தளத்துக்கு இறங்க வந்த ரி.டபிள்யூ.ஏ. 514 விமானம் மலையில் மோதி 92 பேர் மாண்டனர். அதற்கு ஆறு வாரங்கள் முன்னரே வேறொரு கம்பனியின் விமானிகள் அதே இடத்தில், அதே வகையாகத் தாழ இறங்கி, மயிரிழையில் தப்பியிருந்தனர். தப்பியதைத் தம் கம்பனிக்குச் சொன்னார்கள்; கம்பனி தன் விமானிகளுக்குச் சொன்னது. அடுத்த கம்பனிக்கு அச்செய்தி போய்ச் சேர வழியிருக்கவில்லை. இதன் பின்னரே, 1976இல், விமானிகள் தம் தவறுகளைத் தண்டனைக்கு அஞ்சாது எழுதி அனுப்பும் முறை ஏற்பட்டது. பெறுவதும் பெயரை நீக்கி எல்லார்க்கும் பரப்புவதும் தண்டிக்கும் நிருவாகமன்று, நாசா நிறுவனம். தப்பியவர் தம் வாயால் ‘நானும் அவ்வாறே செய்தேன்’ என்று சொல்லுமிடத்தில், ‘நானாயின் செய்திரேன்’ என்பவர் குரல் தானே அடங்கும்.

சிறுதளத்து விமானிகள் நாளைக்கே செய்யக்கூடியவை சில உள. நேர்கோட்டில் வருபவர் வட்டத்தில் இருப்பவருக்கு விட்டுக்கொடுத்தல், தொலைவிலேயே வேகத்தைக் குறைத்தல், கடந்த வாரம் தமக்கு நேரவிருந்து தப்பியதை மாதக் கூட்டத்தில் எழுந்து சொல்லுதல். இவற்றுக்கு ஒருவரிடமும் பணம் கேட்கவேண்டியதில்லை. கோபுரத்துக்கும் கருவிக்கும் பணம் கேட்கவேண்டும். அதைக் கேட்கும் மனுவில், வட்டத்தின் கீழே குனிந்து ஸ்ட்ரோபெரி பறிப்போரின் ஒப்பமும் வேண்டும். விமானம் எங்கே விழும் என்பதை அவர்களும் அறியார்.