விடுதலையும் கைவிடுதலும்

‘எமான்சிப்பாரே’ என்பது இலத்தீன் சொல். தந்தையின் கைக்குள் அடங்கியிருக்கும் பிள்ளையை அக்கையினின்று விடுவித்தல் என்பது அதன் பொருள். உரோமையரின் சட்டத்தில் கை என்பது அதிகாரத்தின் அடையாளம்.

அச்சொல் அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சட்டங்களில் இன்றும் வாழ்கிறது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் 18 வயதில்தான் ஒருவர் முழு உரிமை எய்துகிறார். அதற்கு முன்னரே தன் காலில் நிற்கும் பிள்ளையைப் பெற்றோரின் அதிகாரத்தினின்று விடுவிக்க வழியுண்டு. கலிபோர்னியாவில் அப்பிள்ளைக்கு 14 வயதேனும் நிரம்பியிருக்க வேண்டும். பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்து, தன் வரவு செலவைத் தானே நடத்தவும் வேண்டும்.

கருவுற்ற சிறுமியரின் நிலை என்ன? தாயாகப் போகிறாள் என்பதனாலேயே ஒருத்தி சட்டத்தின் கண்ணில் பெரியவளாகிவிடுவதில்லை. பேறுகால மருத்துவத்துக்குப் பல மாநிலங்களில் அவளது இசைவே போதும். அரசின் நிதியுதவி பெறும் பள்ளி அவளை வெளியேற்றலாகாது என்பதும் 1972-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழி வந்த நெறி. அதற்கு மேலும் உரிமை வேண்டுமாயின் நீதிமன்றத்தின் விடுவிப்பை அவள் நாட வேண்டும். ஆனால் அதற்கொரு மறுபக்கம் உண்டு. மகள் தந்தையின் அதிகாரத்தினின்று விடுபடும் நாளில், அவளைத் தாங்கும் கடமையினின்று தந்தையும் பொதுவாக விடுபடுகிறார். அப்படியானால் விடுதலை யாருக்கு?

எல்லா வீடுகளும் இல்லங்கள் அல்ல என்பதை மறுப்பதற்கில்லை. அடியும் அச்சமும் ஆளும் வீட்டினின்று வெளியேறச் சட்டம் கதவு திறப்பது இரக்கமே. ஆனால் தாங்கியிருக்க வேண்டிய கை உதறுமாயின், தாளில் எழுதிய உரிமை ஒரு சிறுமிக்குச் சோறாகுமா?

கை உதறியதன் விளைவை அயர்லாந்து அறியும். 2021 சனவரியில் வெளியான அந்நாட்டு விசாரணை ஆணையத்தின் அறிக்கை, மணமாகாத அன்னையருக்கான 18 இல்லங்களை ஆராய்ந்தது. 1922 முதல் 1998 வரை ஏறத்தாழ 56,000 பெண்கள் அங்கே அனுப்பப்பட்டனர். அவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுமியும் உண்டு. சுமார் 9,000 குழந்தைகள் மாண்டனர். முதற்பொறுப்பு குழந்தைகளின் தந்தையரையும் அப்பெண்களின் குடும்பத்தாரையும் சாரும் என்றும், அரசும் திருச்சபைகளும் அதற்குத் துணைநின்றன என்றும் ஆணையம் கூறியது. அவ்வில்லங்கள் பலவற்றை நம் துறவற சபைகளே நடத்தின. இதை நாம் தலைகுனிந்தே வாசிக்க வேண்டும்.

என் 25 ஆண்டுக்காலப் பங்குப்பணியில், “ஊரார் என்ன சொல்வார்கள்?” என்ற கேள்வியைப் பெற்றோரிடம் கேட்ட அளவுக்கு, “பிள்ளை என்ன ஆவாள்?” என்ற கேள்வியைக் கேட்டதில்லை. நம் நாட்டின் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டமோ, 18 வயது நிரம்பாத அப்பெண்ணைக் குற்றத்துக்கு ஆளானவளாகவே காண்கிறது. சட்டம் காட்டும் இரக்கத்தையேனும் நாம் காட்ட வேண்டாமா?

புனித சூசையப்பரை நினைத்துப் பாருங்கள். மரியாவை மறைவாக விலக்கிவிடச் சட்டம் அவருக்கு இடமளித்தது. அவரும் முதலில் அதையே எண்ணினார். ஆயினும் இறைவனின் சொல் கேட்டு, அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார்.

பிள்ளையை இறுக்கிப் பிடிக்கும் கையும் வேண்டாம்; உதறிவிடும் கையும் வேண்டாம். அவள் எழுந்து நடக்கும்வரை தாங்கி நிற்கும் கையே பெற்றோரின் கை.